கழுத்தைத் தொடுவதற்கு முன் நடந்த விசாரணை: தலைவலிக்காக நான் சென்ற கைரோபிராக்டிக் நிலையம்

தொடர்ந்து வரும் தலைவலிக்கு, முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அசைத்துச் சிகிச்சை தரும் கைரோபிராக்டரிடம் போகலாமா என்று உறவினர்களும் அலுவலகத் தோழிகளும் கேட்கும்போதெல்லாம் வாய்வழியாகச் சொல்லி வந்ததை இப்போது முறையாக எழுதுகிறேன். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்துக்குப் போகும் வழியில், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இயங்கும் நிலையத்தில் நான் பெற்ற சிகிச்சையைப் பற்றிய மதிப்புரை இது. நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். கைரோபிராக்டர்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறுகிறார்கள்; ஒரே கூரையின் கீழும் ஆளுக்கு ஆள் அணுகுமுறை வேறுபடுகிறது; பெயர்ப் பலகையை நம்பிப் போகிறவருக்கு எனக்குக் கிடைத்த அதே கவனிப்புக் கிடைக்கும் என்று நான் உறுதி கூற முடியாது. நல்ல கவனிப்பு எப்படி இருக்கும் என்பதை விவரமாகச் சொன்னால், எந்த நிலையத்துக்குப் போனாலும் வாசகர் தாமே எடைபோட்டுக்கொள்ளலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே எனக்குக் கிடைத்தது நல்ல சிகிச்சை. கைரோபிராக்டர் என்றதும் பலர் நினைக்கிற கழுத்து நெட்டி முறித்தல் எனக்குச் செய்யப்படவே இல்லை. எனக்கு வந்துகொண்டிருந்த தலைவலியில் எந்தப் பங்கு கழுத்திலிருந்து வருகிறது, எந்தப் பங்குக்கு வேறு காரணம் இருக்கிறது என்பதைப் பொறுமையாகப் பிரித்தறிந்து, தன் கைக்கு உட்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை மருத்துவரிடம் அனுப்பி வைத்தார் அந்தக் கைரோபிராக்டர். இந்தத் தொழிலில் இருப்பவரிடம் நான் மிகவும் மதிக்கும் குணம் அதுதான்.

நான் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாத இறுதியில் கணக்கு முடிக்கும் நாட்களில் இரண்டு திரைகளுக்கு நடுவே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருப்பேன். வலப்பக்கப் பிடரியில் இறுக்கமாகத் தொடங்கும் வலி, மண்டையின் பின்புறமாக ஏறி, வலது கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும். அது ஒரு வகை. இன்னொரு வகை கழுத்துக்குச் சம்பந்தமே இல்லாததுபோல, சில நாள் விடியும்போதே, நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கக் குமட்டலோடு வரும். அன்று வெளிச்சமும் ஆகாது, பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனையும் ஆகாது. இரண்டுக்கும் வீட்டில் ஒரே வைத்தியம்தான்: நெற்றியில் கோடாலித் தைலம், அதற்கும் அடங்காவிட்டால் கைப்பையில் எப்போதும் இருக்கும் பெனடோல் என்ற பாரசிட்டமால் மாத்திரை.

இந்த நிலையத்துக்கு வருவதற்கு முன்பு, ஒரு பெரிய கடைத்தொகுதியில் இயங்கும் வேறொரு கைரோபிராக்டிக் நிலையத்துக்குப் போயிருந்தேன். பலருடைய முதல் அனுபவம் அதுபோன்றதாகவே இருப்பதால் அதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைத்தொகுதியின் நடைபாதையில் மேசை போட்டு, சலுகை விலையில் முதல் பரிசோதனை என்று அழைத்தார்கள். உள்ளே போனதும் தலைவலியைப் பற்றி இரண்டு மூன்று கேள்விகளுக்கு மேல் கேட்கவில்லை. என் கழுத்தெலும்பின் எக்ஸ்ரே படத்தை ஒரு மாதிரிப் படத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டி, வளைவு குறைந்துவிட்டது, இப்படியே விட்டால் நரம்பு பாதிக்கப்படும் என்றார்கள். தலைவலியே இல்லாத பலருக்கும் கழுத்தின் வளைவு அப்படி இருப்பதுண்டு என்பதை யாரும் சொல்லவில்லை. பிறகு ஆலோசகர் என்று இன்னொருவர் வந்து, ஓராண்டுக்கான பேக்கேஜ் பல ஆயிரம் வெள்ளி, இன்றே கட்டினால் தள்ளுபடி என்றார். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தபோது, நாளைக்கு இந்த விலை இருக்காது என்றார். வலியோடு வந்திருப்பவரிடம் கெடு வைத்துப் பணம் கேட்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

சிங்கப்பூரில் இதைத் தட்டிக்கேட்கும் தொழில்முறைச் சட்டம் இல்லை என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. இங்கே சீனப் பாரம்பரிய மருத்துவர்களுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு உண்டு. பிசியோதெரபிஸ்டுகளுக்கு 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு உண்டு. கைரோபிராக்டர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. சுகாதார அமைச்சு அவர்களை ஒழுங்குபடுத்துவதில்லை. மருத்துவச் செலவுக்கென்று நாம் கட்டாயமாகச் சேமிக்கும் மெடிசேவ் பணத்தை அவர்களிடம் பயன்படுத்த முடியாது. அவர்களுக்கென்று உள்ள சங்கத்தில் சேருவது அவரவர் விருப்பம். பெரும்பாலானோர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், மலேசியா போன்ற நாடுகளில் பல ஆண்டுகள் முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவர்கள்தான். ஆனாலும் அந்தப் பட்டத்தை இங்கே சரிபார்த்துச் சொல்லும் அரசாங்க அமைப்பு இல்லாததால், சரிபார்க்கும் பொறுப்பு நோயாளியின் தலையில் விழுகிறது. ஆஸ்திரேலியாவில் படித்து அங்கே பதிவு பெற்றவர் என்றால் அந்நாட்டின் தேசியப் பதிவேட்டில் பெயரைத் தேடலாம்; மலேசியாவிலும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கைரோபிராக்டிக்கை உள்ளடக்குகிறது. எங்கே படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை. நல்லவர்கள் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

ஃபேரர் பார்க் நிலையத்தில் எனக்கு அமைந்தவர் ஈப்போவைச் சேர்ந்த இளம் பெண்; கோலாலம்பூரில் கைரோபிராக்டிக் பட்டப்படிப்பை முடித்தவர். வழக்கப்படி நான் “டாக்டர்” என்று தொடங்கியதும், “அக்கா, நான் மருத்துவர் இல்லை, கைரோபிராக்டர். மருந்து எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம்” என்றார். அதன்பின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடியது. அதில் பெரும்பகுதி கேள்விகளுக்கே போனது.

அந்தக் கேள்விகளை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தலைவலியில் பாதி வைத்தியம் அங்கேதான் இருக்கிறது. வலி எங்கே தொடங்குகிறது, எங்கே போய் முடிகிறது, அழுத்துகிறதா, துடிக்கிறதா, ஒரு பக்கமா, இரு பக்கமா, பக்கம் மாறுகிறதா, எத்தனை மணி நேரம் நிற்கிறது, வலிக்கும்போது நடமாடினால் கூடுகிறதா, வெளிச்சம், சத்தம், வாசனை தொந்தரவு செய்கின்றனவா, வருவதற்கு முன் கண்ணில் பூச்சி பறப்பதுபோல் தெரிகிறதா, மாதவிலக்கோடு சேர்ந்து வருகிறதா, தாய்க்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இப்படி உண்டா, இரவில் பல்லைக் கடிக்கிறீர்களா, கண்ணாடியின் பவர் எப்போது பார்த்தது, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை கோப்பி. ஒவ்வொன்றுக்கும் நான் சொன்ன பதிலை என் சொற்களிலேயே எழுதிக்கொண்டார். இரண்டு விதமான வலிகளைக் கலந்து சொல்லும்போதெல்லாம் நிறுத்தி, இது முதல் வகையா, இரண்டாம் வகையா என்று திருப்பிக் கேட்டார். உலகத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில் துடிக்கும் ஒற்றைத் தலைவலி 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நிற்கும் என்றும், இறுக்கத்தால் வரும் தலைவலி அரை மணி நேரத்திலிருந்து 7 நாள் வரைகூட நீளும் என்றும் உள்ளது. எத்தனை மணி நேரம் என்ற சாதாரணமான கேள்வி அவ்வளவு முக்கியமானது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

அடுத்து வந்தவை அபாய அறிகுறிகளைப் பற்றிய கேள்விகள். வாழ்க்கையில் இதுவரை வராத அளவுக்கு, நொடியில் உச்சத்துக்கு ஏறும் தலைவலி வந்ததுண்டா; காய்ச்சலோடு கழுத்து விறைத்ததா; கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிதல், விழுங்குவதில் சிரமம், காரணமில்லாமல் விழுதல் உண்டா; தலையில் அடிபட்டதா; அண்மையில் எடை குறைந்ததா; புற்றுநோய் இருந்ததா. ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் தலைவலியை எந்தக் கைரோபிராக்டரும் முதலில் தொடக்கூடாது, மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். இரத்த அழுத்தத்தை அளந்தார். கண் அசைவு, முகத்தசை, கை கால் வலிமை, எதிர்வினை ஆகியவற்றைச் சோதித்தார். இதெல்லாம் கழுத்தில் கை வைப்பதற்கு முன்பே.

பிறகு அவர் கேட்டதுதான் என் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. “மாத்திரை எவ்வளவு போடுவீங்க அக்கா?” என்றார். எப்போதாவது என்றேன். கைப்பையில் இருப்பதைக் காட்டச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன், பத்து மாத்திரை அட்டையில் மூன்று மிச்சமிருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டார். அந்த வாரம்தான். மேலும் அது வெறும் பெனடோல் அல்ல, ஒவ்வொரு மாத்திரையிலும் 65 மில்லிகிராம் காஃபீன் சேர்ந்தது. வலி நிவாரணியே நாளடைவில் தலைவலிக்குக் காரணமாகிவிடுவது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி: மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, சாதாரணப் பாரசிட்டமால் போன்றவற்றை மாதத்துக்கு 15 நாளோ, காஃபீன் முதலியவை கலந்த மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால், அந்தச் சந்தேகம் எழ வேண்டும். கழுத்தை எவ்வளவு பக்குவமாகப் பிடித்துவிட்டாலும் இந்த வகைத் தலைவலி அடங்காது. இதைக் கண்டுபிடிக்காமலேயே ஓராண்டு பேக்கேஜ் விற்றிருப்பார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது.

கழுத்துப் பரிசோதனையும் கவனமாகவே நடந்தது. மல்லாந்து படுக்கவைத்து, முகவாய் நெஞ்சைத் தொடும் அளவுக்குத் தலையைத் தூக்கிப் பிடித்து, அந்த நிலையிலேயே இடமும் வலமும் மெல்லத் திருப்பினார். அப்படி மடித்துத் திருப்பும்போது கீழ்க்கழுத்து பூட்டிக்கொள்வதால், திருப்பம் ஏறக்குறைய முழுவதும் மேலேயுள்ள முதலிரண்டு எலும்புகளுக்கு இடையில்தான் நடக்கும் என்றார். இடப்பக்கம் 40 பாகைக்கு மேல் தாராளமாகத் திரும்பியது. வலப்பக்கம் 25 பாகையைத் தாண்டவில்லை, சுவரில் முட்டியதுபோல் நின்றது. நின்ற அந்தக் கணத்தில் வலது கண்ணுக்குப் பின்னால் எனக்கு நன்கு பழக்கமான அந்த வலி எட்டிப் பார்த்தது. கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், முகத்திலிருந்து வரும் பெரிய நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதால், கழுத்தில் எழும் வலியை மூளை கண்ணின் வலியாக எடுத்துக்கொள்கிறது. இது ஊகம் அன்று. உடற்கூறு நூல்களில் உள்ள செய்தி.

ஆக, முதல் வகை கழுத்திலிருந்து வருவது, இரண்டாம் வகை ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம், இரண்டின் மேலும் மாத்திரை ஒரு படலமாகப் படிந்திருக்கலாம் என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னார். அரசாங்க மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் பலதுறை மருந்தகத்தில் கொடுப்பதற்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் தான் கண்டது, அளந்தது, சந்தேகப்படுவது ஆகியவை மட்டும் இருந்தன. முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர் என்ற தொனி இருந்தது. பலதுறை மருந்தக மருத்துவர் அந்தக் கடிதத்தை முழுவதும் படித்தார். மாத்திரையை நிறுத்தச் சொல்லி, ஒற்றைத் தலைவலியைத் தடுக்கத் தினமும் போடும் மருந்து ஒன்றைத் தொடங்கினார். நிறுத்திய முதல் சில நாட்கள் தலைவலி முன்பைவிட அதிகமாகும் என்று இருவருமே எச்சரித்திருந்தார்கள். அப்படியே ஆனது. எச்சரிக்கை இல்லாதிருந்தால் மறுபடி அட்டையைக் கிழித்திருப்பேன்.

கைச்சிகிச்சைக்கு முன் அவர் என்னிடம் பேசிய விதத்தையும் பதிவு செய்ய வேண்டும். கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே மூளைக்கு ஏறும் இரத்தக் குழாய் இருபுறமும் இருக்கிறது. அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். கழுத்தைச் சட்டென்று முறிக்கும் முறைக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக அறிக்கைகள் உண்டு. அது மிக அரிது, ஆனால் இல்லாததில்லை என்று நேராகச் சொன்னார். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2008இல் வெளியான ஆய்வு, கைரோபிராக்டரிடம் போனவர்களைப் போலவே குடும்ப மருத்துவரிடம் போனவர்களிடமும் அதே தொடர்பைக் கண்டது. கிழிசல் ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்கள் கழுத்துவலி, தலைவலி என்றுதான் சிகிச்சை தேடி வருகிறார்கள் என்பது அதற்கு ஒரு விளக்கம். இந்த விளக்கத்தைத் தங்களுக்குச் சாதகமாக மட்டும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. இவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு: புதிதாக, வழக்கத்துக்கு மாறாகக் கழுத்தும் தலையும் வலிக்கிறது என்று வருகிறவரை முறிக்கவே கூடாது, அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். முறிக்காமலும் இதைச் செய்ய வழியிருக்கிறது, எது வேண்டும் என்று என்னைக் கேட்டார். முறிக்க வேண்டாம் என்றேன். ஒரு சொல்கூட வற்புறுத்தவில்லை.

ஆகவே எனக்கு நடந்தது இதுதான். மேல்கழுத்தின் மூட்டுகளை விரல்நுனியால் மெதுவாக, தாளம் தவறாமல் அழுத்தி அசைத்தார். பிடரித் தசைகளைப் பிடித்துத் தளர்த்தினார். மேல்முதுகில் மட்டும் நெட்டி எடுத்தார். அந்தச் சத்தத்தை எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்று நினைப்பவர்கள் நம்மில் ஏராளம். கனடாவில் 2015இல் விரல் மூட்டுகளை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்துச் சொடக்கெடுத்துப் பார்த்தபோது, மூட்டுத் திரவத்தில் ஒரு வாயுக் குழி உருவாகும் கணத்தில்தான் சத்தம் எழுவது தெரிந்தது. எலும்பு எங்கும் விலகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் இந்த முறையைத் தொடங்கியபோது, நோய்களில் பெரும்பாலானவை முதுகெலும்பு விலகி நரம்பை நெருக்குவதால் வருகின்றன என்று நம்பினார். இன்றும் அந்த நம்பிக்கையை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிற கைரோபிராக்டர்கள் இருக்கிறார்கள். அதைக் கைவிட்டு, தசை மூட்டுச் சிகிச்சையாளராகவே தங்களைக் கருதுகிறவர்களும் இருக்கிறார்கள். தலைவலிக்காரர் எவரிடம் போய்ச் சேருகிறார் என்பதைப் பொறுத்தே அவருக்குக் கிடைக்கும் கவனிப்பு அமைகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் நான் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் 2002இல் வெளியான ஆய்வில், கழுத்திலிருந்து வரும் தலைவலி உள்ள 200 பேரைப் பிரித்து, சிலருக்குக் கைச்சிகிச்சை, சிலருக்குப் பயிற்சி, சிலருக்கு இரண்டும் அளித்தார்கள். மூன்று பிரிவினருக்கும் தலைவலி குறைந்து, ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நீடித்தது. அங்கே கைச்சிகிச்சை அளித்தவர்கள் பிசியோதெரபிஸ்டுகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2018இல் 256 பேரிடம் நடந்த ஆய்வில், ஆறு வாரங்களில் 6, 12, 18 முறை என்று அளவை மாற்றிப் பார்த்தபோது, 18 முறை பெற்றவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. அதாவது, ஓரிரு முறை போய்விட்டுப் பலனில்லை என்று முடிவு செய்வதும் சரியில்லை, ஆண்டுக்கணக்கில் முன்பணம் கட்டுவதற்கும் ஆதாரமில்லை. ஒற்றைத் தலைவலியின் கதை வேறு. நார்வேயில் 2017இல் 104 பேரை வைத்து, உண்மையான முதுகெலும்புச் சிகிச்சையையும் அதுபோலத் தோன்றும் போலிச் சிகிச்சையையும் ஒப்பிட்டபோது, இரண்டிலுமே தலைவலி நாட்கள் குறைந்தன; நோயாளியின் எதிர்பார்ப்பே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். எனக்குச் சிகிச்சை அளித்தவர் என் இரண்டாம் வகைத் தலைவலியைத் தொடாமல் மருத்துவரிடம் அனுப்பியது இதனால்தான் மிகச் சரியான முடிவு என்று கருதுகிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். மல்லாந்து படுத்த என் கழுத்தின் கீழே காற்றடைத்த சிறிய பை ஒன்றை வைத்தார். அதிலிருந்து வந்த குழாயின் நுனியில் இரத்த அழுத்தக் கருவியில் இருப்பதுபோன்ற வட்ட முகப்பு ஒன்று என் கையில் இருந்தது. முள் 20இல் நின்றது. தலையைத் தூக்காமல், ‘ஆம்’ என்று மெல்லத் தலையசைப்பதுபோல் முகவாயை மட்டும் உள்ளே இழுத்து, முள்ளை 22க்குக் கொண்டுபோய்ப் பத்து விநாடி ஆடாமல் நிறுத்த வேண்டும். பிறகு 24, 26 என்று ஏற வேண்டும். பார்வைக்கு ஒன்றுமே இல்லாத வேலை. முதல் நாளில் 24ஐத் தாண்டியதும் என் முள் நடுங்கத் தொடங்கியது. கழுத்தின் முன்புறத்தில் ஆழமாக இருக்கும் சிறிய தசைகள் சோர்ந்துபோய், மேலேயிருக்கும் பெரிய தசைகள் அவற்றின் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வதால்தான் பிடரி இறுகுகிறது என்று அவர் சொன்னதை அந்த முள்ளின் நடுக்கம் கண்முன் காட்டியது. வீட்டில் கருவி இல்லாமல், சுருட்டிய துண்டை வைத்துச் செய்யக் கற்றுக்கொடுத்தார். அலுவலகத்தில் இரண்டு திரைகளையும் எப்படி வைக்க வேண்டும் என்று படம் வரைந்து கொடுத்தார்; முக்கியமான திரை நேர் எதிரே, மற்றது பக்கத்தில் ஒட்டினாற்போல். செலவே இல்லாத அந்த மாற்றத்தால் எனக்குக் கிடைத்த நன்மை பெரிது.

தலைவலிக் குறிப்பேடு எழுத வைத்தார். வந்த நாள், எந்த வகை, எவ்வளவு நேரம், மாத்திரை போட்டேனா, தூக்கம் எப்படி என்பவை மட்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை அதை வைத்து மறுபரிசோதனை நடந்தது. குறையவில்லை என்றால் நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்போம் என்பது முதல் நாளிலேயே செய்துகொண்ட ஏற்பாடு. கழுத்திலிருந்து வரும் வலி இப்போது மாத இறுதியில் எப்போதாவது தலைகாட்டுகிறது, பயிற்சி செய்தால் அடங்குகிறது. ஒற்றைத் தலைவலி முற்றிலும் போய்விடவில்லை. அது மருத்துவரின் கவனிப்பில் இருக்கிறது. வலது பக்கத் திருப்பம் 38 பாகை வரை வந்ததும், “இனி மாதாமாதம் வரத் தேவையில்லை, வலி திரும்பினால் மட்டும் வாங்க அக்கா” என்று அவரே அனுப்பி வைத்தார்.

கட்டணம் குறைவில்லை. முதல் சந்திப்புக்கு 150 வெள்ளி, அடுத்தடுத்தவற்றுக்கு 90 வெள்ளி, பொருள் சேவை வரி தனி. ஒவ்வொரு முறையும் அன்றைக்குரியதை மட்டும் கட்டினேன், முன்பணம் கேட்கவில்லை. மெடிசேவ் இல்லாததால் முழுவதும் கையிலிருந்து போனது. என் நிறுவனக் காப்புறுதியும் இதை ஏற்கவில்லை. இதே பயிற்சியையும் கைச்சிகிச்சையையும் அரசாங்க மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவில் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு உதவித்தொகைக் கட்டணத்தில் பெறலாம் என்பதை வசதி குறைந்தவர்கள் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும். அங்கே காத்திருக்க வேண்டியிருக்கலாம். ஆனால் சிகிச்சை அளிப்பவர் சட்டப்படி பதிவு பெற்றவர்.

குறைகளும் உண்டு. கடைவீட்டுப் படிக்கட்டு செங்குத்தானது, மின்தூக்கி இல்லை. மூட்டுவலியுள்ள மூத்தோரை அங்கே அழைத்துப்போவது கடினம். முன்மேசையில் ஒரு தலையணையை அடுக்கி வைத்து, கழுத்துக்கு நல்லது என்று விலை சொல்கிறார்கள். அது தேவையில்லை என்று உள்ளே இருப்பவர் சொன்ன பிறகும் வெளியே இருப்பவர் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. பயிற்சித் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. தமிழில் இவ்வளவு நன்றாக விளக்கும் ஒருவர் இருக்கும் இடத்தில், தேக்கா வட்டாரத்தைச் சுற்றியுள்ள இத்தனை தமிழ்க் குடும்பங்கள் வந்து போகும் இடத்தில், தமிழில் ஒரு தாள் அச்சிடுவது பெரிய காரியமில்லை. சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

எந்தக் கைரோபிராக்டரிடமும் போகக்கூடாத தலைவலிகள் இருக்கின்றன. நொடியில் வெடித்ததுபோல் வருவது, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வருவது, பேச்சுக் குழறல், முகம் கோணுதல், ஒரு பக்கம் வலுவிழத்தல் ஆகியவற்றோடு வருவது, அடிபட்டபின் வருவது: இவற்றுக்கு அவசர மருத்துவ வாகன எண்ணான 995ஐ அழைக்க வேண்டும். மற்றவர்கள் போகும்போது, சில வாரக் குறிப்பேட்டையும், போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், பழைய ஸ்கேன் அறிக்கை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். மாலை நேரச் சந்திப்புகள் விரைவில் நிரம்பிவிடுகின்றன, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. முதல் சந்திப்புக்கு முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி முன்பதிவின்போதே கேளுங்கள். அவ்வளவு நேரம் தர மறுக்கும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.